பழ லாரியில் ஆண்பிள்ளைகள் பக்கம்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனது செம்பனைப் பழம் ஏற்றும் லாரியில். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். பிள்ளைகளே, உங்களுக்குத்தான் நம்புவது சிரமம். பகலெல்லாம் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்வருகிற அதே லாரிதான். மாலையில் தண்ணீர் அடித்துக் கழுவி, காலையில் இரண்டு நீளப் பலகைகளை உள்ளே போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அது பள்ளி லாரி. எத்தனை கழுவினாலும் வாடை போகாது. உருக்கிய நெய்யும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு வாடை. சட்டையில் எங்காவது ஓர் ஆரஞ்சுக் கறை இல்லாமல் நாங்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த நாள் ரொம்பக் குறைவு.

லாரி ஓட்டியவர் உங்கள் தாத்தா, என் அப்பா. அவர் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாக இருக்கும். அதில் பிள்ளைகளை ஏற்றினால் சண்டை வரும் என்று யாரையும் ஏற்ற மாட்டார். பின்னால் பெண்பிள்ளைகள் கேபினை ஒட்டி உட்காருவார்கள். ஆண்பிள்ளைகள் பின் கதவுப் பக்கம். நடுவில் எல்லாருடைய பைகளும் குவிந்து கிடக்கும். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று தெரியாது. கேபின் பக்கம் தூசியும் குலுக்கலும் குறைவு, பாவாடை அழுக்காகாது என்று ஆரம்பித்திருக்கலாம். எப்படியோ, நான் தமிழ்ப்பள்ளி முடித்து டவுன் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது அது கோயில் வரிசை மாதிரி நிலைத்துப் போயிருந்தது.

அந்த வரிசையை மாற்றி உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீட்டு அண்ணன்.

அவருக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவம். எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றும் அவருக்குத் தொல்லை வரும், அதனால்தான். மற்றவர்கள் பெயரையும் விட்டுவிட்டேன்.

கடைசி வீட்டு அண்ணன் பெண்பிள்ளைகளோடு முன்னால்தான் உட்காருவார். சின்னப் பிள்ளைகளின் பையை மடியில் வைத்துக்கொள்வார். வாந்தி வருகிற பிள்ளைக்கு ஆரஞ்சுத் தோலை முகரக் கொடுப்பார். குரல் மெல்லிசு. பேசும்போது கை ஒரு பக்கம் பேசும். தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கட்டும் டிரசருக்குப் பஞ்சு சுருட்டிக் கொடுத்து, துணி மடித்துக் கொடுத்து, காயம் கட்டப் பழகியிருந்தார். தானும் டிரசர் ஆக வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு மூன்றாம் படிவச் சோதனையில் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு அப்போது நான்காம் படிவம் கிடையாது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் முடிந்துவிடும், அடுத்த நாளே விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்க வேண்டியதுதான். அவர் படிப்பில் கெட்டிக்காரர். அவர் தேறுவார் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எனக்கு மலாய் சுத்தமாக வராது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவனுக்கு டவுன் பள்ளியில் எல்லாமே மலாய். சின்னவன் என்று என்னை முன்னால் விட்டிருந்தார்கள், முதல் மூன்று மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் லாரி ஆட்டத்தில் கட்டுரை எழுதினேன். “டேய், உன் மலாய வாத்தியார் படிச்சா மெடிக்கல் லீவு போட்டுருவாரு” என்பார். பிறகு திருத்திக் கொடுப்பார்.

பின்பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

“என்னாக்கா, இன்னிக்குப் பூ வைக்கலியா?”

“வச்சேன். நீ ஏறினதும் அது எறங்கிப் போயிருச்சி.”

பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட்டவனும் சிரித்துவிடுவான். கேட்டவன், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகன். பதினாறு வயதில் ஒரு மரத்துக் குலையைத் தனியாகத் தூக்கி எறிகிற உடம்பு. பேச்சில் மட்டும் கடைசி வீட்டு அண்ணனை அவனால் ஜெயிக்க முடிந்ததில்லை.

ஒருநாள் மாலை மண்டோரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“டிரைவரண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எம் மக வயசுக்கு வந்த புள்ள. அந்தப் பையன் தெனமும் அதும் பக்கத்துல ஒக்காந்து வர்றான்.”

“அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா.”

“அதுதாங்கண்ணே பிரச்சனையே. அவன் எப்படிப்பட்டவன்னு தோட்டத்துக்கே தெரியும். பொம்பளப் புள்ளைங்களோடவே ஒக்காந்தா எப்படித் திருந்துவான்? ஆம்பளப் பசங்களோட நாலு நாள் இடிபட்டு வரட்டும். சரியாயிரும்.”

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலாம் வகுப்பு வரை படித்தவர். லாரி இன்ஜினில் சத்தம் வந்தால் எந்தத் திருகாணி என்று சொல்லிவிடுவார். இதையும் அப்படி ஒரு பழுதாகத்தான் பார்த்தார். அடுத்த நாள் அண்ணனின் அம்மாவிடமும் கேட்டார். அந்த அம்மாள், “நீங்களாச்சும் சொல்லி மாத்தி விடுங்கண்ணே. அவங்கப்பாரு இருந்திருந்தா இப்படி விட்டுருக்க மாட்டாரு” என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்கு அடுத்த காலை, லாரி கிளம்பும் முன் அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். “தம்பி, இனிமே நீ பின்னால ஒக்காரு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.” என்னைப் பார்த்து, “நீயும் அவங்கூடப் போ. எவனாச்சும் ஏதாச்சும் பண்ணா எங்கிட்ட வந்து சொல்லு” என்றார்.

ஆக, அந்தப் பொறுப்பு என்னுடையது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பையன்கள் காலை நீட்டித் தடுக்கி விழ வைத்தார்கள். மூன்றாம் நாள் பலகையில் இடம் இல்லை என்று சொல்லித் தரையில் உட்கார வைத்தார்கள். தரை மூலையில் நசுங்கிய உதிரிப் பழம் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கும். அவருடைய கால்சட்டை முழுக்க எண்ணெய். பள்ளியில் ஒழுங்கு வாத்தியார், சீருடை அழுக்கு என்று காலைச் சபையில் நிற்க வைத்து ரோத்தான் பிரம்பால் இரண்டு கொடுத்தார். அண்ணன் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் இரண்டு விழுந்திருக்கலாம். அவர் நடையைக் கண்டு அந்த வாத்தியாரே ஒருமுறை நடந்து காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தவர்.

பொண்டான் என்றார்கள். பெண் மாதிரி நடப்பவனைப் பழிக்க மலாய்ப் பையன்களிடமிருந்து எடுத்த சொல். அதை இங்கே எழுத வேண்டுமா என்று யோசித்தேன். ஆனால் போகும்போது நாற்பது நிமிடம், வரும்போது நாற்பது நிமிடம், அவர் காதில் விழுந்தது அதுதான். கணிதப் பெட்டியின் கவராயமுள்ளால் தொடையில் குத்துவார்கள். பெண்பிள்ளை மாதிரிப் பாடு என்பார்கள். பாடினால் அடிப்பார்கள், பாடாவிட்டாலும் அடிப்பார்கள். அந்த வேடிக்கையான பதில்கள் எல்லாம் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டன. முன்பக்கத்துப் பெண்பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நான் முதல் வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “அக்காவுக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருச்சி லா” என்று மண்டோர் மகன் சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நாள் எதிர்ப் பலகைக்கு மாறினேன். ஒரு மாதத்தில் உதிரிப் பழத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து நானும் எறிந்தேன். குறி நன்றாக இருக்கிறது என்று மண்டோர் மகன் முதுகில் தட்டினான். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் எழுதுவதில் பயனில்லை.

அப்பா ஒவ்வொரு மாலையும் கேட்பார். “பின்னால ஒண்ணும் பிரச்சன இல்லியே?”

“இல்லப்பா.”

“நான் சொன்னேன்ல. பழகிருவான்.”

போன மாதம் காரில் வரும்போது உங்கள் பள்ளிப் பையன் ஒருவன் நடப்பதையும் பேசுவதையும் நீங்கள் இரண்டு பேரும் நடித்துக் காட்டினீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன். இது உங்களைக் குறை சொல்ல எழுதியதில்லை. நடித்துக் காட்டுவது எனக்கும் நன்றாக வரும்.

சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. மழைக்காலம். பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரி இறங்கியதும் மண்டோர் மகன் ஒரு பந்தயம் கண்டுபிடித்தான். கடைசி வீட்டு அண்ணன் பின் கதவுக்கு வெளியே, ஏறுகிற படியில் நிற்க வேண்டும். ஐம்பது வரை எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் நாளையிலிருந்து யாரும் தொட மாட்டோம் என்றான்.

அண்ணன் நம்பினாரா என்று தெரியாது. வெளியே ஏறி நின்றார். கதவின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எண்ணினார். நாங்கள் ஆறு பேர் உள்ளே கதவோரம் நின்றோம். முப்பது தாண்டியது. அப்போது மண்டோர் மகன் குனிந்து அவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். இன்னொருவன் வலது கையில் ஆரம்பித்தான். அண்ணன் எண்ணுவதை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“டேய் தம்பி, விட்டுராதடா.”

அவர் பிடி இறுக்கமாக இருந்தது. என்னையும் இழுத்துவிடுவார் என்று பயந்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு என் நெஞ்சளவு இருந்தது. என்னை யாரும் இழுத்திருக்க முடியாது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை உதறினேன்.

லாரி நிற்கவில்லை. மண்டோரின் சின்ன மகள்தான் எழுந்து நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கேபினில் ஓங்கி ஓங்கி அடித்தது. அப்பா இறங்கி ஓடினார். அண்ணன் பாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று போயிருந்தது. அவர் அழவில்லை. துண்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லாரியிலிருந்து ஆள் விழுந்தால் தோட்ட நிர்வாகம் விசாரிக்கும். டிரைவர் வேலை போகும். வீடும் வேலையோடு போகும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா லாரியைக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அவன் குதிச்சானாமே?”

அப்பா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பதிலையும் சேர்த்தே கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

“ஆமாம்ப்பா.”

மறுநாள் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஐயா எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வெள்ளை நீளக் கால்சட்டை, கம்பிக் கண்ணாடி. பெரிய படிப்புப் படித்தவர். அவர் முன்னால் எங்கள் அப்பாக்கள்கூட உட்கார மாட்டார்கள்.

“நீர் டிரைவருடைய மகன் எல்லோ? பொய் சொல்லமாட்டீர். என்ன நடந்தது?”

“குதிச்சாருங்கய்யா.”

“ஏன் குதிச்சவர்?”

“தெரியலிங்கய்யா.”

அவர் எழுதினார். ஆறு பேரும் ஒரே பதில். பெண்பிள்ளைகள் பைக் குவியலுக்கு அப்பால் இருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். செருப்பால் அடித்த சின்னப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அது மூன்று நாள் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. கடைசி வீட்டு அண்ணன் தள்ளிவிட்டார்கள் என்றுதான் சொன்னாராம். ஆறு பேருக்கு எதிராக ஒருவர்.

ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் குதித்தார் என்று ஆனதும், ஏன் குதித்தார் என்று பெரியவர்கள் யோசித்தார்கள். புத்தி சரியில்லை என்றார்கள். ஏதோ பெண் ஆவி பிடித்திருக்கிறது, நடையே சொல்கிறதே என்றார் மண்டோரம்மா. பெக்கோக் பக்கம் ஒரு சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் மாவுக்கட்டோடு போனவரை உட்கார வைத்து, வேப்பங்குழையாலும் பிறகு கயிற்றாலும் அடித்திருக்கிறார்கள். அண்ணனின் அம்மா திரும்பி வந்து எங்கள் வீட்டில் சொன்னார். “அடி தாங்க முடியாம, போயிட்டேன் போயிட்டேன்னு அதுவே சொல்லிருச்சிண்ணே.” ஆவி சொன்னதாக நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். அடி நிற்க வேண்டும் என்று பையன் சொன்னது.

குதிக்கிற பையனை இனி லாரியில் ஏற்றக் கூடாது என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது.

டவுன் ஒன்பது மைல். பஸ் வருகிற மெயின் ரோடே நாலு மைல். அதுவும் காலையில் ஒரே பஸ், நேரத்துக்கு வராது. சோதனைக்கு முந்தின நாள் அந்த அம்மாள் வந்தார்.

“நாலு நாளைக்கு மட்டும்ண்ணே. பின்னால வேணாம். உங்க பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டுப் போங்க.”

“ஆபீஸ் ஆர்டரும்மா. நான் என்ன செய்ய?”

“எடது கையால எழுதப் பழகிட்டான்ண்ணே. மூணு வாரமா ராவும் பகலும் எழுதுறான்.”

என் அம்மா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை லாரி லயத்தைத் தாண்டி மேட்டு முச்சந்திக்கு வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை. அதில் ஒரு கறை இல்லை. மாவுக்கட்டுக் கை துணியில் தொங்கியது. மற்றக் கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு பேனா, அடிக்கோல், அடையாள அட்டை. அவர் கையைக் காட்டி நிறுத்தவில்லை. ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்புகிறவர் மாதிரிப் பாதையை விட்டு ஓர் எட்டு ஒதுங்கி நின்றார். லாரி வேகம் குறைந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, குறைந்தது. பிறகு அப்பா கியர் மாற்றினார். லாரி போனது.

நான் பின் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் உட்கார்ந்தவனுக்கு விட்டுவிட்டு வருவதுதான் கடைசிவரை தெரியும். அவர் எங்களைப் பார்த்தபடி நின்றார். அடுத்த நாள் முச்சந்தியில் யாரும் இல்லை.

கட்டுப் பிரித்ததும் அவர் பத்து பகாட் டவுனில் ஒரு துணி ஆலை வேலைக்குப் போய்விட்டார். பதினைந்து வயதுக்காரருக்கு யாரோ பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார்களாம். ஹாஸ்டலில் அங்கேயும் சில தொல்லைகள் நடந்ததாகக் கேள்விப்பட்டோம். அவருடைய அம்மா சாகும்வரை, மகன் திருந்திவிட்டான், கல்யாணத்துக்குத்தான் பிடி கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டம் பிறகு கைமாறியது. நாங்கள் கூலாய்ப் பக்கம் வீடு வாங்கி வந்தோம். உங்கள் தாத்தா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது ஒரு பிற்பகல் அவரிடம் சொன்னேன். “அன்னிக்கு அவரு குதிக்கலப்பா.”

“கிராணி எழுதிட்டாரே” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “நிறுத்தியிருக்கலாம். ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும்” என்றார்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடைசி வீட்டு அண்ணன் வந்தார். உங்களுக்கு நினைவிருக்கலாம். நரைத்த முடி, இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டை, உங்கள் மலாய்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவர். அவருடன் ஒருவர் வந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சாப்பிடும்போது அண்ணனுக்கு மீன் முள்ளை எடுத்து வைத்தவர் அவர்தான். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் அவர்கள் உட்கார்ந்த மேசையைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

வாசலில் காருக்குப் பக்கத்தில் அண்ணனிடம் சொன்னேன். வார்த்தை வரிசையாக வரவில்லை. கிராணியிடம் பொய் சொன்னது, பழம் எறிந்தது, கை.

அவர் கேட்டுக்கொண்டார். கோபமும் இல்லை, பெரிய ஆறுதலும் இல்லை.

“எங்கிட்ட எதுக்குடா சொல்ற? நான்தான் அங்க இருந்தேனே.”

“வேற யார்கிட்ட சொல்றதுண்ணே?”

“அங்க இல்லாதவங்ககிட்ட சொல்லு.”

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. உங்கள் சிரிப்பைக் கேட்ட மறுநாள் மண்டோர் மகனுக்குப் போன் செய்தேன். இன்று அவர் மூன்று பேரப்பிள்ளைகளின் தாத்தா. கோயில் திருவிழாவில் முதல் நாள் அன்னதானம் அவர் உபயம். இந்த மாதிரி எழுதப் போகிறேன் என்றேன்.

“அலமாக், அதெல்லாம் சின்னப் புள்ளையில நடந்தது லா. பாவம், அவன் ஏந்தான் அப்படிக் குதிச்சானோ” என்றார்.

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். நாங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள். நானும் போய்விட்டால், தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான், புத்தி பிசகி ஓடுகிற லாரியிலிருந்து குதித்தான் என்பதுதான் மிஞ்சும்.

அவர் குதிக்கவில்லை, பிள்ளைகளே. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் உதறினேன்.